முதல் பதில் கிண்டல்

ஜூன் 3, செவ்வாய்

உரக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரி இது. ஐந்து மாதம் வெறுமனே கிடந்தது. கோவை ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஷர்மிளா மேடம் சொன்னதால் இன்று தொடங்குகிறேன். "வாயில வராததைப் பேப்பர்ல எறக்கிடுங்க சார். இல்லேன்னா அது கோபமா மாறி வீட்டுல இருக்கறவங்க மேல பாயும்" என்றார். எனக்குக் கோபமே கிடையாது. நேற்று சொம்பு சுவரில் போய் விழுந்தது கை தவறித்தான்.

பெயர் நாச்சிமுத்து. ஊர் உடுமலைப்பேட்டை. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓடும் தனியார் பேருந்தில் கண்டக்டராக இருந்தேன். தொண்டையில் புற்று வந்து, தைப்பூசத்துக்கு முந்திக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை. மூச்சு அந்த வழியாகத்தான் போய் வருகிறது. வாய்க்குச் சாப்பிடுகிற வேலை மட்டும்.

மறுபடி பேச ஒரு வழி இருக்கிறது. காற்றை விழுங்க வேண்டும். அதை ஏப்பமாக மேலே கொண்டுவந்து, அந்த ஏப்பத்தை உதட்டிலும் நாக்கிலும் வார்த்தையாக உடைக்க வேண்டும். கழுத்தில் வைத்துப் பேசும் மெஷின் ஒன்றும் காட்டினார்கள். டப்பாவுக்குள் வண்டு பேசுவது போல் இருந்தது. வேண்டாம் என்று கையாட்டிவிட்டேன்.

பயிற்சி: செய்தேன்.

ஜூன் 4, புதன்

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொடங்கிவிட்டது. இனி கொடியில் போட்ட வேட்டியைப் பக்கத்துத் தெருவில்தான் தேட வேண்டும். கழுத்தில் ஈரத்துணி கட்டாமல் வெளியே போனால் தூசி நேரே நெஞ்சுக்குள் இறங்கும். பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்த் தேங்காய் வாங்கி வரச் சொன்னாள் சாந்தாமணி. ஜன்னலைக் காட்டினேன்.

"காத்து நேத்தும் அடிச்சுதுங்க. எதுத்த தெரு சலூனுக்குப் போனீங்கல்ல? பஸ் ஸ்டாண்டுக்குப் போறப்ப மட்டும் அடிக்குதாக்கும்?" என்றாள்.

என் மனைவிக்கு வாய் அதிகம். இப்போது இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவதால் இன்னும் அதிகமாகிவிட்டது.

மத்தியானம் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'கேட்டா என்ன தப்பு' என்று ஒரு குழு. பல ஊர் ஆட்கள், ஒருவரை ஒருவர் கண்ணால் பார்த்ததில்லை. மாவு புளிக்கவில்லை, மிக்ஸி மூடி சிக்கிக்கொண்டது, வெள்ளைச் சட்டையில் மஞ்சள் கறை, நாத்தனார் பேசவில்லை, எதையும் கேட்கலாம். ஒரே ஒரு சட்டம். முதல் பதில் கிண்டலாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் உருப்படியான பதில். கிண்டல் இல்லாமல் நேராகப் புத்தி சொன்னவர் தன் வீட்டுப் பாத்திரத் தொட்டியைக் கழுவாமல் போட்டோ எடுத்துப் போட வேண்டும். அந்த மானக்கேட்டுக்குப் பயந்தே எல்லோரும் நன்றாகக் கிண்டல் செய்கிறோம்.

இன்று துபாயில் கிரேன் ஓட்டும் பாலையா, தான் வைக்கும் ரசம் பச்சைத் தண்ணீராக இருக்கிறது என்று அழுதார். "பருப்பைக் கிரேன்ல தூக்கிப் புடிச்சுட்டே நின்னா எப்படிங்க? கொஞ்சம் சட்டிக்குள்ளயும் இறக்குங்க" என்று போட்டேன். குழு குலுங்கியது. அங்கே என் பெயர் 'போலாம் ரைட்'. நான்தான் அங்கே பெரிய வாயாடி.

'சேலம் சிட்டு' என்ற பெண் கேட்டாள். "அண்ணா, ஒரு தடவை வாய்ஸ்ல பேசுங்களேன். உங்க குரல் எப்படி இருக்கும்னு பாக்கணும்."

"என் குரலைக் கேட்டா ஓடற வண்டி நின்னுடும் தங்கச்சி. ஊர்ப் போக்குவரத்து என்னாகறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்பில் சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கும்.

பயிற்சி: செய்தேன்.

ஜூன் 6, வெள்ளி

பயிற்சி: செய்தேன். தேங்காய் எதிர்க்கடையிலேயே கிடைக்கிறது. பஸ் ஸ்டாண்டு வரை போக வேண்டியதே இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

குழுவில் புதிதாக ஒரு பெண். ஜெசிந்தா, தூத்துக்குடி. கேள்வி இதுதான்: "வீட்டில் ஒருவருக்குப் பேச முடியாமல் போனால், அவர் நம்மைக் கூப்பிட என்ன ஏற்பாடு செய்யலாம்? மணி வாங்கலாமா, விசில் வாங்கலாமா?"

முதல் ஆளாகப் பாய்ந்தேன். "பேசாத புருஷனா? போன ஜென்மத்துல நீங்க பெரிய புண்ணியம் பண்ணியிருக்கணும் அம்மணி. மணி கிணி வாங்கிக் கொடுத்துக் கெடுத்துடாதீங்க. இப்பத்தானே வீடு அமைதியா இருக்குது!"

இந்த வருடம் இவ்வளவு சிரிப்பு எந்தப் பதிலுக்கும் விழவில்லை. சிட்டு பத்து சிரிப்புப் பொம்மை போட்டாள்.

அப்புறம் சட்டப்படி உருப்படியான பதிலும் எழுதினேன். விசில் வேண்டாம், அவரால் ஊத முடியாது. எவர்சில்வர் தட்டும் கரண்டியும் போதும். சமையலறையில் விசிறி ஓடினால் அதுவும் கேட்காது, அதனால் விளக்கைப் போட்டு அணைக்கச் சொல்லுங்கள்.

தட்டைத் தட்டுவது என் சொந்தக் கண்டுபிடிப்பு. "தட்டாதீங்கொ, பிச்சைக்காரன் வந்துட்டான்னு அக்கம்பக்கத்துல சோறு கொண்டாருவாங்க" என்பாள் சாந்தாமணி.

ஜூன் 9, திங்கள்

ஜெசிந்தா தனியாக எழுதியிருக்கிறார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. எல்லாரும் மணி வாங்கு, விசில் வாங்குன்னு சொன்னாவ. நீங்க ஒரு ஆளுதான் விசில் ஊத முடியாதுன்னு சொன்னிய. டாக்டர்ட்ட கேட்டா, அது நெசந்தான், ஆபரேஷன் ஆன வீட்டுக்குத்தான் அது தெரியும்னாவ. உங்க வீட்டுல யாருக்கு?"

அதற்குக் கீழே விஷயம் இருந்தது. அவர் கணவர் கஸ்பார், மீன் இறங்குதளத்தில் ஏலம் போடுகிறவர். எனக்கு வந்த அதே வியாதி. இந்த மாதத்துக்குள் குரல்வளையை எடுத்துவிட்டால் பிழைப்பார், தள்ளிப் போட்டால் கைமீறிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவரும் அரை மனதாகச் சம்மதித்திருக்கிறார். ஜெசிந்தா தைரியமாக முன்னேற்பாடு செய்யத் தொடங்கி, குழுவில் மணியைப் பற்றிக் கேட்டிருக்கிறார். என் முதல் பதிலை கஸ்பார் பார்த்துவிட்டார்.

"கட்டத் தொண்டையில அத எனக்கே வாசிச்சுக் காட்டுனாவ அண்ணாச்சி. 'பாத்தியா, இன்னும் வெட்டக்கூட இல்ல, அதுக்குள்ள சிரிக்கான். ஊரே இப்படித்தான் சிரிக்கும். சத்தத்தோடயே சாவுதேன்'னு சொல்லி, ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு வேண்டாம்னுட்டாவ."

இரண்டு தடவை படித்தேன். கேட்டவள் யார், எதற்குக் கேட்கிறாள் என்று ஒரு நிமிடம் யோசித்தேனா? குரல் போனவனைக் கிண்டல் செய்ய எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த உரிமை எனக்கு இருப்பது யாருக்கும் தெரியாது என்பதை மறந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

பதில் எழுதினேன்: "எங்க வீட்டுல எனக்குத்தான் அம்மா."

ஜூன் 10, செவ்வாய்

கஸ்பார் நம்பவில்லை. "குரல் இல்லாதவன் இப்படியா வாய் கிழியப் பேசுவான்? சும்மா சமாதானத்துக்குச் சொல்லுதான்" என்றாராம். சட்டைப் பட்டனைக் கழற்றி, கழுத்துத் துளையை போட்டோ எடுத்து அனுப்பினேன். ஆஸ்பத்திரிக்கு வெளியே இதை ஒருவருக்கும் காட்டியதில்லை. சாந்தாமணிதான் போனைப் பிடித்தாள். அப்புறம் அவளே பட்டனைப் போட்டுவிட்டாள்.

சாயங்காலம் பதில் வந்தது. ஜெசிந்தா அவர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்.

"ஓட்டை இருக்கும்னு எனக்குத் தெரியும். ஓட்டையப் பாத்து நான் என்ன செய்ய? அந்தாளுக்குச் சத்தம் வருதான்னு கேளு."

வரும் என்று டைப் செய்து அனுப்பிவிட்டேன்.

வராது. சித்திரை மாதத்தில் ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தடவை 'பா' என்று வந்தது. என் குரலா இது, தவளைக்கு வலிப்பு வந்த மாதிரி இருக்கிறதே என்று அன்றோடு விட்டேன். இந்த டைரியில் பயிற்சி செய்தேன் என்று எழுதியதெல்லாம் பொய். படிக்கப் போகிறவனும் நான்தான் என்னும்போது யாரை ஏமாற்ற எழுதினேன் என்று தெரியவில்லை.

"அப்ப பேசச் சொல்லு. 22-ந் தேதி ஞாயித்துக்கெழமை, பூசை முடிஞ்சு வந்து கேக்கேன்" என்று சொல்லிவிட்டார் கஸ்பார்.

வர வைக்கிறேன்.

ஜூன் 11, புதன்

ஷர்மிளா மேடத்துக்கு உண்மையை எழுதினேன்: ஏப்ரலுக்குப் பிறகு பயிற்சியே செய்யவில்லை.

"தெரியும் சார். செய்யறவங்க ஆயிரம் சந்தேகம் கேப்பாங்க. நீங்க ஒண்ணுகூடக் கேக்கல" என்று பதில். அதற்குப் பிறகு திட்டவில்லை. வீடியோவில் வந்து முதலிலிருந்து காட்டிக் கொடுத்தார். ப, த, க என்று அடைத்துத் திறக்கும் எழுத்துகள் சீக்கிரம் வரும். ம, ந எல்லாம் கடைசியில்தான். பப்பாளி, பட்டாணி, தக்காளி, கத்தரிக்காய் என்று ஒரு பட்டியல் அனுப்பினார். தினமும் மார்க்கெட்டுக்குப் போய் வந்த மாதிரி இருக்கும்.

இன்று மொட்டை மாடியில் நின்று காற்றை விழுங்கி விழுங்கி வயிறு உப்பிப் போனதுதான் மிச்சம்.

பயிற்சி: செய்தேன். இது நிஜம்.

ஜூன் 13, வெள்ளி

கோலி சோடா குடித்தால் ஏப்பம் தானாக வருமே என்று ஒரு யோசனை. குடித்தேன். ஏப்பம் வந்தது. நிற்கவில்லை. ஆள் ஏறுவதற்குள் வண்டி தாண்டிப் போன கதையாக, நான் உதட்டைச் சேர்ப்பதற்குள் எல்லாம் ஓடிவிட்டது. சாந்தாமணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "கல்யாண வீட்டுக்குப் போயி மூணு பந்தி உக்காந்தாப்பல இருக்குதுங்க" என்றாள்.

அடிக்கக் கை ஓங்கினேன். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். இன்றைக்குத் தயிர்சாதம்தான்.

ஜூன் 15, ஞாயிறு

தூத்துக்குடியில் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போகின்றனவாம். மீன் வரத்து தொடங்கும்போது ஏலக்காரன் ஆஸ்பத்திரியில் கிடப்பதா என்பது கஸ்பாரின் இன்னொரு வாதம். கட்டைத் தொண்டையில் எத்தனை நாள் ஏலம் போடுவார் என்று கேட்டேன். "நாலு கூடை போடுததுக்குள்ள மூச்சு முட்டிரும் அண்ணாச்சி" என்றார் ஜெசிந்தா.

போன வருட வீடியோ ஒன்றை அனுப்பினார். மீன் கூடைகள் நடுவே தலையில் துண்டு கட்டிய கறுத்த மனிதர். என்ன குரல்! கடல் சத்தம், காக்கை, நூறு ஆட்களின் இரைச்சல், எல்லாவற்றுக்கும் மேலே ஏறி நிற்கிறது. ஒரு தரம் என்று இழுக்கிறார், ரெண்டு தரம் என்று தூக்குகிறார், மூணு தரம் என்று வெட்டுகிறார். திரும்பத் திரும்பக் கேட்டேன். இந்த மனிதர் ஏன் பயப்படுகிறார் என்று என்னைத் தவிர யாருக்குத் தெரியும்?

நானும் அப்படித்தான் இருந்தேன். பொள்ளாச்சி ஸ்டாண்டில் நான் "பழனி பழனி பழனி" என்றால் பக்கத்து வண்டியில் உட்கார்ந்தவர்கள் இறங்கி என் வண்டிக்கு வருவார்கள்.

ஜூன் 16, திங்கள்

பப்பாளிப் பட்டியலைக் கிழித்துப் போட்டேன். வாய்க்குப் பழகின வார்த்தை இருக்கும்போது எதற்குக் காய்கறி? பொள்ளாச்சி, கோலார்பட்டி, கோமங்கலம், உடுமலை, மடத்துக்குளம், புஷ்பத்தூர், பழனி. தூக்கத்தில் எழுப்பினாலும் இந்த வரிசையில்தான் நாக்கு போகும்.

மாடியில் நின்று விழுங்கினேன். மேலே இழுத்தேன். "ப்..." என்று உடைந்தது. மறுபடி. மறுபடி. காற்று துணியைக் கழுத்திலிருந்து பிடுங்கப் பார்த்தது. கடைசியில், "பொள்" என்று வந்தது. தெளிவாக. சேற்றில் கால் வைத்த மாதிரிச் சத்தம்தான், ஆனால் "பொள்".

கீழே துணி அலசிக்கொண்டிருந்த சாந்தாமணி நிமிர்ந்தாள். "ஏனுங்க, ஆராச்சும் வந்திருக்காங்களா மேல? ஆம்பளச் சத்தம் கேட்டுதே?"

ஆமாம், வந்திருக்கிறான் என்று தலையாட்டினேன்.

ஜூன் 18, புதன்

வீட்டில் சரியாக வரவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தால் நிறுத்திவிடுகிறேன். யாருக்கும் கேட்காமல் சத்தம் போட ஊரில் எங்கே இடம் என்று யோசித்தபோது விடை மூக்குக்கு நேரே இருந்தது. கழுத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். சாந்தாமணி வாசலில் நின்று பார்த்தாள். தேங்காய் வாங்கி வரச் சொல்லவில்லை.

என் வண்டியில் ஏறவில்லை. அதற்கு இன்னும் தெம்பு வரவில்லை. வேறொரு வண்டியில் பொள்ளாச்சி போய், அங்கிருந்து பழனி வண்டியில் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். புது வயசுக் கண்டக்டர். என்னைத் தெரியாது. இரண்டு விசில் கொடுத்தான், வண்டி கிளம்பியது. என் உதடும் தானாகக் குவிந்தது. ஆஸ்பத்திரியில் ஒருநாள் என் பழைய விசிலை வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். கழுத்து உஸ்ஸென்றது, விசில் சும்மா இருந்தது. அன்று அழுதேன்.

எஞ்சின் இரைச்சலும் பாட்டுச் சத்தமும் நல்ல மறைப்பாக இருந்தன. ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே காற்றை விழுங்கிச் சேர்ப்பது, ஊர் வந்ததும் பெயரை விடுவது. கோலார்பட்டியில் பாதி வந்தது. கோமங்கலத்தில் 'கோ' மட்டும். உடுமலை வரவே இல்லை, சொந்த ஊர் என்றால் எப்போதும் கொஞ்சம் திமிர். மடத்துக்குளம் தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் நடுவில் மட்டும் வந்தது.

பக்கத்து சீட்டு அம்மாள் நெடுநேரம் என்னையே பார்த்தார். "வாயுங்களா? ஓமத்தண்ணி குடிங்க, ஒரு மண்டலம். எங்க மச்சாண்டாருக்கு இப்படித்தான் இருந்துச்சு" என்றார். கேட்காமலே புத்தி, அதுவும் முதலில் கிண்டல் இல்லாமல். குழுவாக இருந்தால் பாத்திரத் தொட்டி போட்டோ கேட்டிருப்பேன். கும்பிட்டேன்.

மலைக்கோயில் கண்ணில் பட்டது. விழுங்கினேன். "பழனி."

முழுசாக வந்தது. அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு, "வந்துருச்சுங்களா?" என்று எழுந்துவிட்டார். நான் சொன்னதைக் கேட்டு ஒரு பயணி எழுந்தார்! முருகா, இதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம். இல்லை, வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

பொள்ளாச்சி முதல் பழனி வரை இரண்டு நடை. வயிறு மத்தளம். பயிற்சி: செய்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

போன் வந்தது. சாந்தாமணி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"நாங்க உடுமலையிலருந்து பேசறமுங்க. நல்லாருக்கீங்களா அம்மிணி?"

"இருக்கோம் அக்கா. இப்பத்தான் பூசைக்குப் போயிட்டு வந்தோம்."

அதோடு இரண்டு பெண்களும் தொடங்கிவிட்டார்கள். அங்கே மழை உண்டா, இங்கே காற்று, மீன் குழம்புக்குத் தேங்காய் அரைப்பீர்களா, மாங்காய் போடுவீர்களா. விழுங்கி வைத்த காற்று எனக்கு இரண்டு தடவை வீணாகப் போனது. தட்டைத் தட்டினேன். அந்தப் பக்கத்திலிருந்து கரகரவென்று ஒரு குரல், "அது என்ன சத்தம்?" என்றது.

"அவருதானுங்க. தட்டறாரு" என்றாள் சாந்தாமணி.

"தட்டத்தான் தெரியுமா? பேசச் சொல்லுங்க."

விழுங்கினேன். நிஜமாகச் சொல்கிறேன், முதல் நாள் கண்டக்டர் பையைத் தோளில் மாட்டியபோதுகூட இப்படிப் பயந்ததில்லை.

"பொள்ளாச்சி."

அடுத்த ஊருக்குக் காற்றை விழுங்கினேன்.

"கோலார்...பட்டி. கோ...மங்கலம்." உடுமலையில் வெறும் காற்றுதான் வந்தது. சாந்தாமணி என் முதுகில் கை வைத்தாள். மறுபடி விழுங்கினேன். "உடு...மலை." வந்துவிட்டது! அதற்குப் பிறகு இறக்கத்தில் வண்டி போவது போல் மடத்துக்குளம், புஷ்பத்தூர், பழனி.

கஸ்பார் கேட்டார். "இத வச்சு நான் ஏலம் போட முடியுமா வே?"

சாந்தாமணி என்னைப் பார்த்தாள். முடியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவார். ஆனால் இவரிடம் ஏற்கெனவே ஒரு 'வரும்' பொய்யாகச் சொல்லியாகிவிட்டது.

"முடி...யாது."

"நீரு திரும்ப வண்டியில ஏறி டிக்கெட் போடுவீரா?"

"முடியாது."

"பொறவு எந்த மயித்துக்கு வே இந்தப் பாடு படணும்?"

ஜெசிந்தா அழும் சத்தம் கேட்டது. இதற்கு நான் ஒன்றும் தயார் செய்து வைத்திருக்கவில்லை. தைரியமாக இருங்கள், உயிர் பெரிது, பிள்ளைகளை நினையுங்கள் என்று அவருக்கு எல்லோரும் சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள், எரிச்சல்தான் வந்தது. முதல் பதில் கிண்டல்தானே நம் சட்டம்? விழுங்கினேன்.

"பொண்டாட்டிக்கு... பதில்... குடுக்க."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பானது. ஜெசிந்தா அழுதுகொண்டே சிரித்தார். இங்கே சாந்தாமணி, "அடக் கடவுளே, இதுக்கா நான் ஈரத்துணி நனைச்சு நனைச்சுக் கட்டிவுட்டேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கஸ்பார் மூச்சு வாங்கினார். "ஓய் கண்டக்டரே. இந்தச் சத்தத்துக்கு ஒரு கூடை சாளை மீனு கூடப் போவாது வே."

"போட்டி... போடலாமா?" என்றேன்.

போன் கட்டாகிவிட்டது.

ஜூன் 23, திங்கள்

தூத்துக்குடியிலிருந்து ஒன்றும் இல்லை. சிரித்தார், சரி. சிரித்தவர் எல்லாம் சம்மதித்தவர் ஆவாரா? இருந்தாலும் மாடிக்குப் போனேன். பயிற்சி: செய்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

ஜெசிந்தா எழுதினார். "காலையில ஏலத்துக்குப் போனாவ. கடைசிக் கூடைய முடிச்சிட்டு, துண்ட அவுத்து எங் கையில குடுத்துட்டு, ஆஸ்பத்திரிக்கு போன் போடுன்னு சொன்னாவ. முப்பதாந் தேதி வரச் சொல்லிட்டாவ அண்ணாச்சி."

சாந்தாமணி இதைச் சத்தமாக வாசித்துவிட்டு சாமி படத்துக்கு விளக்கேற்றப் போனாள். நான் தட்டை எடுத்துத் தட்டு தட்டென்று தட்டினேன். சோறு கொண்டு வருகிறவர்கள் கொண்டு வரட்டும்.

ஜூலை 1, செவ்வாய்

நல்லபடியாக முடிந்ததாம். கண் விழித்ததும் ஜாடையில் தட்டும் கரண்டியும் கேட்டாராம்.

ஜூலை 3, வியாழன்

ஒன்று பாக்கி இருந்தது. குழுவில் என்னைப் பற்றி எழுதினேன். எனக்குக் குரல் இல்லை, அன்றைக்கு ஜெசிந்தாவைக் கிண்டல் செய்தது தப்பு, யார் எந்த நிலைமையில் கேட்கிறார்கள் என்று பார்த்திருக்க வேண்டும். பின்னாலேயே குரல் பதிவு ஒன்றும் போட்டேன்: "போலாம்... ரைட்."

போனைத் திருப்பி வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். பரிதாபப்பட்டு 'ஐயோ பாவம்' என்று ஒரு ஆள் போட்டால்கூடக் குழுவை விட்டு இறங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

கடைசியில் சிட்டு எழுதினாள். "அதானே பாத்தேன்! வாய் வேலை செய்யாததாலதான் அந்த விரலை வச்சுக்கிட்டு எங்க உசிரை வாங்குனீங்களா? பொய் வேற. குரலைக் கேட்டா ஓடற வண்டி நிக்கும்னீங்க, எங்க தெருவுல வண்டி எல்லாம் ஓடிட்டுத்தான் இருக்கு."

அதற்குக் கீழே பாலையா: "அண்ணே, பஸ்ஸுல டிக்கெட் குடுக்காம விட்ட பாவம்."

மனது நிறைந்துவிட்டது. இரண்டாவது பதில்கள் சாயங்காலம்தான் வந்தன. அதை இங்கே எழுத மாட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

குழுவில் ஒரு குரல் பதிவு. அனுப்பியவர் கஸ்பார். அவரும் குழுவில் சேர்ந்திருந்தார், இத்தனை நாளும் படிக்க மட்டும்தான் செய்தார். அமுக்கினேன்.

ஒரு ஏப்பம். அவ்வளவுதான்.

கீழே டைப் செய்திருந்தார். "ஆபரேஷனுக்குப் பொறவு மொதச் சத்தம். என்ன வெலைக்குப் போவும்?"

சட்டம் சட்டம்தானே. சிட்டு முந்திக்கொண்டாள்: "ரெண்டு கட்டு முருங்கைக்கீரை." பாலையா: "ஒரு சட்டி ரசம், நானே வச்சது." உடனே நாலு பேர் ஏலத்தை ரத்து செய்யச் சொன்னார்கள். திருச்சிக்காரர் ஒருவர் வாழைத்தார் என்றார். ஜெசிந்தா, "என் வீட்டுக்காரவிய ஏப்பத்துக்கு நானே ஒரு சீலா மீனு தாரேன், வெளியாளுக்குக் குடுக்க மாட்டேன்" என்றார். சாந்தாமணி என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "உடுமலைத் தேங்காய் ஒரு மூட்டை" என்று அடித்தாள். அதற்கு மேல் யாரும் போகவில்லை.

பதிவு செய்யும் பொத்தானை அமுக்கினேன். இப்போதெல்லாம் எனக்கு ஒரு தடவை விழுங்கினால் மூன்று வார்த்தை வருகிறது.

"ஒரு தரம்."

விழுங்கினேன்.

"ரெண்டு தரம்."

விரலை எடுத்துவிட்டேன். "சொல்லுங்க, சொல்லி முடிங்க" என்று சாந்தாமணி தோளைப் பிடித்து உலுக்கினாள். தலையாட்டினேன். ஏலத்தை முடிப்பது ஏலக்காரர் வேலை. 'மூ' எங்களைப் போன்றவர்களுக்குக் கடைசியில் வரும் எழுத்து. அவருக்குக் கிறிஸ்துமஸ் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம்.

"மூணாவது தரம் நீங்கதான் சொல்லணும். அதுவரைக்கும் ஏலம் முடியாது" என்று எழுதினேன்.

கஸ்பார் பதில் போட்டார். "தேங்காய் முத்திப் போவும் வே."

"முத்தட்டும். எண்ணெய் ஆட்டிக்கலாம்" என்றாள் சாந்தாமணி. அதை அப்படியே டைப் செய்து அனுப்பிவிட்டு மாடிக்குப் போனேன்.

பயிற்சி: செய்தேன்.